பொன் போர்த்த ஏழ்மை

2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள் பிற்பகலில், பிரேசில் நாட்டின் சால்வதோர் நகரிலுள்ள புனித பிரான்சிஸ் ஆலயத்தின் விதானத்தில் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. ஆலயத்தைக் காண வந்திருந்த 26 வயதுப் பெண் ஒருவர் உயிரிழந்தார். வேறு ஐவர் காயமுற்றனர். விதானம் தொய்ந்திருப்பதாக இரு நாள்களுக்கு முன்னரே மடத்துத் தலைவர் மரபுச் சின்னங்களைப் பேணும் அரசுத் துறைக்குத் தெரிவித்திருந்தார் என்றும், மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது என்றும் செய்திகள் கூறின. அந்நகர மக்கள் அவ்வாலயத்தைப் 'பொன் கோயில்' என்றே அழைப்பர். பலிபீடம், தூண்கள், வளைவுகள், பக்கச் சிற்றாலயங்கள் என்று உட்புறத்தின் மரவேலை முழுவதும் பொன்னால் போர்த்தப்பட்டது அது.

இச்செய்தியை எங்கள் பங்கின் விவிலியக் குழுவில் பகிர்ந்துகொண்டபோது, கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர், "பொன்னுக்குக் குறைவில்லாத கோயிலில் உத்திரத்திற்கா பஞ்சம், ஃபாதர்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானதே. ஆயினும் அதன் பின்னே அதைவிடப் பழைய கேள்வி ஒன்று நின்றுகொண்டிருப்பதாக எனக்குத் தோன்றிற்று. ஏழ்மையைத் தம் மணமகளாக வரித்துக்கொண்ட ஒரு துறவியின் பெயரால் பொன் ஆலயம் எழலாமா? எழுந்துவிட்டதென்றால், நாம் அதன்முன் எவ்வாறு நிற்பது? வியந்து நிற்பதா, வெட்கி நிற்பதா? அவ்வாலயத்தை நான் நேரில் கண்டதில்லை. படங்களாலும் நூல்களாலும் அறிந்ததே. ஆனால் இக்கேள்விக்கு விடை தேட அங்குச் சென்றுதான் ஆகவேண்டும் என்பதில்லை.

சால்வதோர் 1549இல் நிறுவப்பட்டு, 1763 வரை போர்த்துக்கீசியப் பிரேசிலின் தலைநகராக விளங்கிய துறைமுக நகரம். பிரான்சிஸ்கன் துறவியர் 1587இல் அங்கு மடம் அமைத்தனர். 1624இல் ஒல்லாந்தர் படையெடுத்தபோது அது சிதைந்தது. இன்றுள்ள மடத்தின் கட்டுமானம் 1686இலும், ஆலயத்தின் கட்டுமானம் 1708இலும் தொடங்கின. 1723 அளவில் முகப்பு முற்றுப்பெற்றது. உள் அலங்காரமோ அந்நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தொடர்ந்தது. இரு கோபுரங்கள் கொண்ட முகப்பு, ஒரு கற்சிலுவை நிற்கும் சதுக்கத்தை நோக்கியுள்ளது. வெளிப்புறம் அடக்கமானது, பார்ப்பவர் எவரும் உள்ளே இருப்பதை ஊகித்துவிட முடியாது.

வாயிலைக் கடந்தால் கண் எங்கே நிலைகொள்வது என்று அறியாமல் திகைக்கும் என்கிறார்கள் கண்டவர்கள். முறுக்கிய தூண்களில் திராட்சைக் கொடிகள் ஏறுகின்றன. கொடிகளுக்கிடையே பறவைகளும், கொழுகொழுவென்ற குழந்தை வானதூதர்களும், விரிந்த இலைச் சுருள்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. விதானம் விண்மீன் வடிவிலும் பல கோண வடிவிலும் பகுக்கப்பட்ட மரக்கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்துள்ளும் ஓர் ஓவியம். பலிபீடப் பகுதியின் சுவர்களில் லிஸ்பன் நகரில் தீட்டப்பட்ட நீலநிற மெருகோடுகள் பிரான்சிசின் வாழ்வைச் சொல்லுகின்றன. வெறுமை என்பதே எங்கும் இல்லை. இத்துணை நிறைவுக்கும் நடுவே, தலைமைப் பீடத்தில், சிலுவையில் அறையுண்ட ஆண்டவரைத் தழுவி நிற்கும் பிரான்சிஸ். தந்தையின் உடையைத் தந்தையிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர்நடுவே வெற்றுடம்பாய் நின்ற மனிதரை, இவ்வளவு பொன்னுக்கு நடுவே காண்பது சங்கடம்தான்.

இந்த அலங்காரம் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறிந்துகொள்வது பயனுடையது. என் வாதம் இதைப் பற்றியே நிற்கிறது. முதலில் தச்சர் மரத்தைச் செதுக்குவார். செதுக்கிய மரத்தின்மீது வெண்சுண்ணப் பொடியை வச்சிரத்தோடு குழைத்துப் பல பூச்சுகள் பூசுவர். ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் தேய்த்து வழுவழுப்பாக்க வேண்டும். அதன்மேல் செந்நிறக் களிமண் பூச்சு. அதை ஈரப்படுத்தி, மூச்சுக்காற்றுப் பட்டாலும் பறந்துவிடும் தங்க ரேக்கை மென்தூரிகையால் எடுத்துப் படியவைப்பர். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். இன்றைய தங்க ரேக்கு அடித்துத் தட்டும் முறையில், ஒரு கிராம் பொன்னைக்கொண்டு ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் பரப்பை மூடிவிடலாம். அக்காலத்து ரேக்கு சற்றுத் தடித்ததே. ஆயினும் கணக்கின் போக்கு மாறாது. கண்ணைப் பறிக்கும் அந்த ஒளி முழுவதும் ஒரு மெல்லிய தோல். அதன் அடியில் இருப்பது சுண்ணமும் மரமும். ஈரமும் கரையானும் தேடிவரும் சாதாரண மரம்.

மடத்தின் உள்முற்றத்தைச் சுற்றி வேறொரு விந்தை உண்டு. அங்குள்ள 37 ஓட்டோவியங்கள் விவிலியக் காட்சிகளைச் சித்திரிப்பவை அல்ல. ஓட்டோ வான் வீன் என்னும் ஓவியர், உரோமைக் கவிஞர் ஹொராசின் அறக்கூற்றுகளுக்குப் படம் வரைந்து 1607இல் வெளியிட்ட நூலைத் தழுவியவை. செல்வத்தின் நிலையாமையையும், அரசனென்றும் ஏழையென்றும் பாராத சாவையும், போதுமென்ற மனத்தையும் பேசும் நூல் அது. ஏழ்மை வாக்குக் கொடுத்த துறவியர், தம் பொன் ஆலயத்தை ஒட்டிய நடைவழியில், செல்வத்தை நம்பாதே என்று ஒரு புறச்சமயக் கவிஞரைக்கொண்டு சொல்லவைத்திருக்கிறார்கள்! அவர்கள் முரண்பாட்டை உணராதவர்கள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் அந்த ஓவியங்களைக் கடந்தே அவர்கள் மன்றாடச் சென்றிருப்பர்.

பிரான்சிஸ் இதுபற்றி என்ன சொன்னார்? 1226இல் தம் இறப்புக்குச் சற்றுமுன் அவர் விட்டுச்சென்ற சாசனத்தில் இரு கூற்றுகள் அருகருகே உள்ளன. நற்கருணை மறைபொருள்கள் எல்லாவற்றுக்கும் மேலாகப் போற்றப்பட்டு, விலைமதிப்புள்ள இடங்களில் வைக்கப்பட வேண்டுமென்று விரும்புகிறார். அதே சாசனத்தில், தம் சகோதரர்களுக்கெனக் கட்டப்படும் ஆலயங்களும் உறைவிடங்களும், அவர்கள் வாக்களித்த தூய ஏழ்மைக்கு ஏற்றவையாக இல்லாவிடில், அவற்றை ஏற்கவே கூடாது என்கிறார். சபைத் தலைவர்களுக்கு எழுதிய மடலிலும் கிண்ணங்களும் பீடத் துணிகளும் மேன்மையாக இருக்க வேண்டுமென வேண்டுகிறார். தமக்கு ஒன்றும் வேண்டா. ஆண்டவருக்கு உயர்ந்தது வேண்டும். இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் தாங்க அவரால் முடிந்தது. அவர் எண்ணிய விலைமதிப்புள்ள இடம், அப்பத்தை வைக்கும் ஒரு சிமிழின் அளவு. பெரிதாய்ச் சொன்னால் ஒரு பேழையின் அளவு. பின்வந்தவர்கள் அந்தச் சிமிழை ஆலயத்தின் சுவர்வரை விரித்துவிட்டனர். சபையின் ஏழ்மைக்கும் ஆண்டவரின் மேன்மைக்கும் இடையே இருந்த எல்லைக்கோடு அவ்விரிவில் மறைந்துபோயிற்று என்பது என் கருத்து.

இம்மாற்றம் பிரேசிலில் தொடங்கியதன்று. அவர் இறந்து ஈராண்டு நிறைவதற்குள், 1228இலேயே, அசிசியில் அவர் பெயரால் பெருங்கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடத்துக்குக் காணிக்கை திரட்ட வைத்திருந்த பளிங்குப் பெட்டியைச் சகோதரர் லியோ உடைத்தார் என்பது சபையின் மரபுவழிச் செய்தி. நம் நாட்டிலேயும் பழைய கோவாவில், 1661இல் கட்டிமுடிக்கப்பட்ட அசிசியார் ஆலயத்தில் இதே காட்சி உண்டு. பொன் பூசிய பீடத்தில், சிலுவையில் தொங்கும் இயேசுவும் பிரான்சிசும். அவர்கள் காலடியில் ஏழ்மை, தாழ்ச்சி, கீழ்ப்படிதல் என்னும் சொற்கள். ஏழ்மை என்ற சொல்லையும் பொன்னுக்கிடையில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இன்று அவ்வாலயத்தில் வழிபாடு இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமாக நிற்கிறது.

அலங்காரத்துக்குச் சார்பாகப் பேசுவோரையும் எளிதாய் ஒதுக்கிவிட இயலாது. 12ஆம் நூற்றாண்டில் பாரீசுக்கு அருகே புனித தெனிஸ் மடத்து ஆலயத்தைப் புதுக்கிய மடாதிபதி சுஜேர், ஒளிரும் கற்களும் வண்ணக் கண்ணாடியும் மனத்தைக் காணும் பொருளிலிருந்து காணாத ஒளிக்கு உயர்த்துகின்றன என்று நம்பினார். அவர் காலத்தவரான புனித பெர்நார்து, ஆலயச் சுவர் மின்ன, ஏழையோ வாடுகிறான் என்று சீறினார். ஆனால் அவர் சீற்றம் துறவியரின் ஆலயங்களை நோக்கியது. எளிய மக்களின் பக்தியைத் தூண்ட ஆயர்கள் பொருள்களால் அணிசெய்வதற்கு அவர் இடம்கொடுத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருவுருவங்கள் மக்களுக்குக் கற்பிக்கும் கருவிகள் என்று உறுதிசெய்தது. எழுத்தறியாத மீனவனும் கரும்பு வெட்டுபவனும் விண்ணகத்தை வேறெங்கே காண்பான்? சால்வதோர் ஆலயம் எழுந்த உலகம் அச்சங்கத்தின் பிள்ளை.

திருச்சபைத் தந்தையரின் குரல் வேறு திசையில் இருந்து வருகிறது. அந்தியோக்கியாவில் குருவாக இருந்தபோது புனித யோவான் கிறிசோஸ்தோம், ஆண்டவர் குளிரில் நடுங்க அவருடைய மேசைக்குப் பொற்கிண்ணம் செய்வதால் என்ன பயன் என்று மக்களைக் கேட்டார். அவ்வாறு கேட்டவர், காணிக்கைகளை நான் தடைசெய்யவில்லை, அவற்றோடும் அவற்றுக்கு முன்னும் பசித்தவரைக் கவனியுங்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். மிலான் ஆயர் புனித அம்புரோஸ், கோத்தியரிடம் சிறைப்பட்டவர்களை மீட்க ஆலயப் பாத்திரங்களை உருக்கினார். அதற்காக எதிரிகள் பழித்தபோது, பொன்னைக் காப்பதைவிட ஆன்மாக்களைக் காப்பதே மேல் என்ற பொருளில் விடைகூறினார். இவ்விருவரின் போதனையை நினைவூட்டியே திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் வெளியிட்ட சமூக அக்கறை பற்றிய சுற்றுமடலில், மக்களின் வறுமைக்கு முன் மிகையான ஆலய அணிகளை விற்பது கடமையாகவும் ஆகலாம் என்று எழுதினார்.

இங்கேதான் தங்க ரேக்கின் கணக்கு குறுக்கிடுகிறது. அம்புரோசின் கிண்ணத்தை உருக்கலாம். பெத்தானியாவின் நறுமணத் தைலத்தை 300 தெனாரியத்துக்கு விற்கலாம். சால்வதோர் ஆலயத்தை விற்க முடியாது. மரத்திலிருந்து அந்தத் தோலைச் சுரண்டி எடுத்தால், கிடைக்கும் பொன் எதிர்பார்த்ததில் மிகச் சிறு பகுதியே. எஞ்சுவது பாழாகிய மரம். ஏனெனில் அங்குச் செலவிடப்பட்டவற்றுள் பெரும்பகுதி பொன் அல்ல, மனித நாள்கள். செதுக்கிய நாள்கள், தேய்த்த நாள்கள், மரம் அறுத்துச் சுமந்த நாள்கள். பொன்னைக் கண்டு கோபப்படுவோரும் மகிழ்வோரும் ஒருசேரப் பார்க்கத் தவறுவது இதைத்தான் என்று எண்ணுகிறேன். ஆகவே இவ்வளவு பொன் எதற்கு என்று கேட்பதைவிட, இவை யாருடைய நாள்கள் என்று கேட்பதே முறை.

விடை கசப்பானது. 1690களில் மினாஸ் ஜெராயிஸ் மலைப்பகுதியில் பொன் கண்டெடுக்கப்பட்டது. ஆற்றுமணலைச் சலித்ததும் சுரங்கம் வெட்டியதும் அடிமைகள். ஆலயங்களுக்குக் கொடையளித்த பாகியாவின் செல்வர்களுக்குச் செல்வம் தந்தவை கரும்புத் தோட்டங்களும் புகையிலை வணிகமும். அங்கும் அடிமைகளே உழைத்தனர். கப்பல் பதிவேடுகளை ஆராய்ந்தோரின் மதிப்பீட்டின்படி, பிரேசிலில் உயிரோடு இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர் ஏறத்தாழ 48 லட்சம். அவர்களுள் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகியாவில் இறக்கப்பட்டனர். ஆலயத்திலிருந்து நடந்தே சென்றடையும் தொலைவிலுள்ள பகுதிக்குப் பெலோரின்யோ என்று பெயர். அச்சொல்லுக்குப் பொருள் கசையடித் தூண். பிரேசிலின் பிரான்சிஸ்கன் மடங்களிலும் அடிமைகள் இருந்தனர். 1888ஆம் ஆண்டு மே 13ஆம் நாளில்தான் அந்நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது.

இனி பெத்தானியாவுக்குத் திரும்புவோம். அலங்காரத்தை ஆதரிப்போர் எல்லாரும் அப்பெண்ணின் முகத்திரைக்குப் பின்னே வந்து நின்றுகொள்வர். ஏன் இந்த வீண்செலவு என்று கேட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டாரே என்பர். உண்மை. ஆனால் அவள் உடைத்தது தன் சிமிழை. யாரிடமிருந்தும் பறித்த தைலத்தை அவள் கொண்டுவரவில்லை. கொடை என்பதன் இலக்கணமே அதுதான்: கொடுப்பவர் தம்மிடம் உள்ளதில் எதையோ இழக்க வேண்டும். கரும்புத் தோட்டத் தலைவர் ஒருவர் பீடத்துக்குப் பொன் பூசப் பணம் அளித்தபோது, எதை இழந்தார்? அவர் பணப்பையிலிருந்து காசு குறைந்தது மெய்தான். அக்காசு அவருடையதா என்பதே கேள்வி. கூலி தராமல் வாங்கிய உழைப்பை இறைவனுக்குக் காணிக்கையாக்குவது, பிறர் சிமிழை உடைத்து ஆண்டவரின் தலையில் ஊற்றுவதாகும். ஏழையின் உடைமையிலிருந்து பலியிடுபவன் தந்தையின் கண்முன் மகனைக் கொல்பவனுக்கு ஒப்பாவான் என்ற கடுஞ்சொல் சீராக்கின் ஞானத்தில் இருக்கிறது. மறையுரைகளில் அதை நாம் அடிக்கடி எடுத்தாள்வதில்லை.

எனினும் வாதத்தை இதோடு முடித்துவிட்டால் நான் இன்னொரு அநீதியைச் செய்தவனாவேன். செதுக்கிய அந்தக் கைகளை வெறும் கருவிகளாக எண்ணியவனாவேன். அக்காலப் பிரேசிலின் பட்டறைகளில் வெள்ளையரோடு விடுதலை பெற்ற கறுப்பரும், கலப்பினத்தவரும், அடிமைகளும் உழைத்தனர். பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை. மினாசின் மாபெரும் சிற்பி அலெய்ஜாதின்யோ, போர்த்துக்கீசியக் கட்டடக் கலைஞருக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர். அவர் பெயர் நிலைத்தது அருமையான விதிவிலக்கு. ஒரு வானதூதனின் கன்னத்தை வழித்தெடுத்த உளி, எவருடைய ஆணைக்கோ பணிந்து இயங்கிய கையில் இருந்திருக்கலாம். அந்தக் கை வேலையில் ஒருகணம் மகிழ்ந்திருக்காதா? தான் அறிந்த இறைவனை, தாய்மொழியில் தனக்கு வேறு பெயரில் அறிமுகமான இறைவனைக்கூட, அந்த மரத்தில் நினைத்திருக்காதா? கட்டாயத்தின்கீழ் செய்யப்பட்டதிலும் மன்றாட்டு ஒளிந்திருக்க முடியும் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த மன்றாட்டின் புண்ணியம் செய்தவருக்கு உரியது. ஆணையிட்டவர் அதில் பங்கு கேட்க முடியாது.

இதற்குச் சான்றாக, பெலோரின்யோவிலேயே இன்னோர் ஆலயம் நிற்கிறது. கறுப்பரின் செபமாலை அன்னை ஆலயம் என்று பெயர். 1685இல் ஏற்பு பெற்ற கறுப்பினப் பக்தசபையார் 1704இல் அதைக் கட்டத் தொடங்கினர். பகலெல்லாம் உடையவருக்கு உழைத்த அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் தமக்கென எஞ்சிய நேரத்தில் எழுப்பியதால், வேலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது. நீல முகப்பும் கோபுரங்களும் உடைய அழகிய ஆலயம். உள்ளே லிஸ்பன் ஓடுகளும் உண்டு. ஆப்பிரிக்க அடிமைப் பெற்றோருக்குச் சிசிலியில் பிறந்து, பிரான்சிஸ்கன் சகோதரராக 1589இல் இறந்த புனித பெனதிக்து அங்கு வணங்கப்படுகிறார். பின்புறத்தில் அடிமைகளின் கல்லறை நிலம். பெத்தானியாவின் சிமிழ் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் அந்த நீல ஆலயத்தைக் காட்டுவேன். அவர்களிடம் இருந்தது இரவு மட்டுமே. அதை உடைத்து ஊற்றினர்.

தனி ஆலயம் ஏன் தேவைப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது. அந்நகரின் பக்தசபைகள் நிறத்தால் பிரிந்திருந்தன. கட்டடமே வேற்றுமையைப் பேசும் கொடுமை நமக்கும் புதிதன்று. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துக் கட்டிய ஆலயத்தின் நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது.

அந்த நீல ஆலயம் இன்னொன்றையும் எனக்குக் கற்பிக்கிறது. ஏழைகளுக்கு உணவு போதும், அழகு வேண்டா என்று தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள் அல்லர். எங்கள் பங்கில் பழைய பீடத்தைப் புதுப்பித்தபோது, செங்கல் சூளையில் வேலை செய்யும் பெண்கள் வாரந்தோறும் பத்துப் பத்து ரூபாயாகக் கொண்டுவந்து கொடுத்தனர். வெளிநாட்டில் நல்ல ஊதியம் பெறும் ஒருவர் விடுமுறையில் வந்து, இப்பணத்தை அவர்களுக்கே செலவிட்டிருக்கலாமே என்று எனக்கு அறிவுரை கூறினார். அப்பெண்களில் மூத்தவரிடம் இதைச் சொன்னேன். "எங்க வீட்டுலதான் ஒழுகுது சாமி, மாதா வீடாவது நல்லா இருக்கட்டுமே" என்றார். அந்த விடையை இறையியலாக்கி மெச்சிக்கொள்ள நான் விரும்பவில்லை. ஒழுகும் கூரையை அது நியாயப்படுத்திவிடாது. அவ்வாண்டே சூளைக்காரர்களின் கூரைகளுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டியதாயிற்று. ஆனால் கொடுக்கும் உரிமையையும் அவரிடமிருந்து பறித்துவிட்டால் அவரிடம் எஞ்சுவது என்ன என்று அந்த அறிவுரையாளருக்கு நான் எழுதினேன்.

விழுந்த விதானத்தைப் பற்றி இனிச் சொல்லலாம். பொன் கோயிலை மீண்டும் எழுப்ப வேண்டுமா? வேண்டும் என்பதே என் விடை. அதன் பொன்னைச் சுரண்டுவதால் இறந்தோர் எவருக்கும் கூலி போய்ச் சேராது. அவர்கள் செதுக்கியதும் அழியும். அது மீண்டுமொரு களவு. பேணாமல் விட்டுவிடுவதும் அதே களவின் மெதுவான வடிவம். அதற்கு இப்போது ஓர் இளம் உயிரும் விலையாகிவிட்டது. 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் நிலநடுக்கத்தில் அசிசிப் பேராலயத்தின் மேல்வளைவு இடிந்தபோது நால்வர் இறந்தனர். அவர்களுள் இருவர் பிரான்சிஸ்கன் துறவியர். அது இயற்கையின் சீற்றம். சால்வதோரில் நிகழ்ந்தது வேறு. தொய்வு கண்ணுக்குத் தெரிந்திருந்தது. அழகைக் காட்டுவதற்குத் திறந்திருக்கும் கதவு, ஆபத்தைக் கண்டதும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். மெருகுக்கு நூறு கைகள் தேடும் நாம் உத்திரத்தை ஆராய ஒரு கை தேடுவதில்லை. இது பிரேசிலுக்கு மட்டும் உரிய குறை என்று எந்தப் பங்குத்தந்தையும் சொல்லமாட்டார். திருவிழாவுக்கு முன் வண்ணம் பூசுவோம். மேல்தளத்தின் ஈரத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்போம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், வெறும் பகட்டைவிட மேன்மைமிகு அழகை நாடும்படி ஆயர்களைக் கேட்டுக்கொண்டது. புதிதாய்க் கட்டுவோருக்கு அது போதுமான வழிகாட்டி. ஏற்கெனவே கட்டப்பட்டு, குருதியும் மன்றாட்டும் பிரிக்க முடியாதவாறு மரத்தில் ஊறிப்போன ஆலயத்துக்கு அது மட்டும் போதாது. அங்கு வருவோரிடம் உண்மையைச் சொல்லவும் வேண்டும். கலைப் பாணியின் பெயரையும் ஓடு வந்த ஊரையும் சொல்லும் வழிகாட்டி, சுரங்கத்தையும் தோட்டத்தையும் மடத்துக் கணக்கிலிருந்த அடிமைகளையும் அதே குரலில் சொல்லலாம்.

செவ்வாய்க்கிழமைகளில் அவ்வாலயத்தில் ஆசீர் பெறவும், புனித அந்தோனியாரின் பெயரால் வழங்கப்படும் ரொட்டியைப் பெறவும் ஏழைகள் கூடுவது நெடுநாள் வழக்கம். அவ்வரிசையில் நின்றவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளின் வழித்தோன்றல்கள். பொன் பூசிய வாயிலுக்குள் அவர்கள் அன்னியராக நுழைந்ததில்லை. தங்கள் முன்னோர் கட்டிய வீட்டில் நுழைவதைப்போலவே நுழைந்திருப்பர். திருப்பலியில் இறந்தோரை நினைவுகூரும்போது, இறைவன் ஒருவருக்கே தெரிந்த விசுவாசம் கொண்டு மறைந்தோரையும் நாம் சேர்த்துக்கொள்கிறோம். விதானம் செப்பமுற்று, அப்பீடத்தில் பலி ஒப்புக்கொடுக்கும் குரு, அவ்விடத்தில் சற்றே நிறுத்தி, வானதூதரின் கன்னங்களைச் செதுக்கிய கைகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.